நோயாளியைப் பார்க்கப் போகும்போது புட்டிகளைக் கொண்டுபோகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் மக்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் அந்த வீடு மருந்துக்கடை ஆகிவிடும். கோயில் விபூதியோடு ஆளுக்கொரு புட்டியும் வந்து சேரும். என் பெரியம்மாவுக்குக் கீமோதெரபி தொடங்கியபோதும் இதே கதைதான். மஞ்சள் சத்து மாத்திரை, பூண்டு எண்ணெய் மாத்திரை, வைட்டமின் டி, 'ஆப்பிரிக்கன் பொட்டேட்டோ' கிழங்குத் தூள், போதாக்குறைக்குப் பெயரே ஒட்டாத ஒரு பச்சைப் பொடி. எல்லாம் அன்பால் வந்தவை. சிக்கலே அதுதான். நாத்தனார் கையால் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?

"இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஒன்றும் செய்யாதென்றால் எதற்குச் சாப்பிட வேண்டும்? செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் என்னும் கீமோ மருந்தின் வீரியமுள்ள கூறை இரத்தத்தில் 42 சதவீதம் குறைத்ததாக 2002இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. நம் ஊர் ஆப்பிரிக்கன் பொட்டேட்டோவோ, ஆய்வுக்கூடச் சோதனைகளில், மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுத்திருக்கிறது. உடலிலும் அப்படி நடந்தால் மருந்து தேங்கிவிடும். கேப்சிடபீன் என்னும் கீமோ மாத்திரை சாப்பிடுபவர் தானாக ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் சேர்த்துக்கொண்டால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகலாம். பெமெட்ரெக்ஸெட் என்னும் வேறொரு கீமோ மருந்தை ஏற்றிக்கொள்பவருக்கு அதே ஃபோலிக் அமிலத்தை மருத்துவரே எழுதிக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்ற பேச்சு இங்கே செல்லாது.

குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். மாத்திரை வேறு, பலவற்றில் மிளகுச் சத்தைச் சேர்த்து, இரத்தத்தில் அதிகமாக ஏறும்படி செய்கிறார்கள்.

ஒரு புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தரம், பாதுகாப்பு, பயன் எதையும் மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாப்ரா மதிப்பிடவில்லை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தி'.

அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனை மருந்தாளுநரிடம் கொண்டுபோனோம். கீமோ மருந்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும் காலத்தில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்று பூண்டு மாத்திரையை முதலில் ஒதுக்கினார். கடைசியில் தப்பியது வைட்டமின் டி மட்டும்.

மருத்துவமனைகள் மீதும் எனக்குக் குறை உண்டு. "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று செவிலியர் ஒவ்வொரு முறையும் கேட்டார், பெரியம்மா இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இவை மருந்தே அல்ல. பொடி, கஷாயம், எண்ணெய், வைட்டமின் என்று பெயர் சொல்லி, திட்டும் தொனி இல்லாமல் கேட்டிருந்தால், யார் எதைக் கொடுத்தார்கள் என்பது வரை அவரே ஒப்பித்திருப்பார்.