முதலில் தேடல் சொற்களைப் பாருங்கள்
பட்ஜெட்டை உயர்த்தினால்தான் இணைய விளம்பரம் பலன் தரும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். கூகுள் விளம்பரக் கணக்கில் தேடல் சொற்கள் அறிக்கையை, அதாவது மக்கள் எதைத் தேடியபோது நம் விளம்பரம் வந்தது என்று காட்டும் பட்டியலை, ஒருநாள் வரிவரியாகப் படித்தேன். தையல் வகுப்பு, தையல் இயந்திரம் பழுதுபார்த்தல், தையல் வேலை என்று தேடியவர்களின் கிளிக்குகளுக்கெல்லாம் என் காசு கரைந்துகொண்டிருந்தது! அப்படித் தேடுபவர்களுக்கு என் விளம்பரம் வராதபடி அவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்தேன். எந்த ஊர்க்காரர்களுக்கு விளம்பரம் காட்டுவது என்ற இருப்பிட அமைப்பையும் மாற்றினேன். சிங்கப்பூர் மீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்கள் வேண்டாம், இங்கே இருப்பவர்கள் போதும். விளம்பரச் செலவு மாதம் அதே 300 வெள்ளிதான். இப்போது அழைப்பவர்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க எப்போது வரலாம் என்று கேட்கிறார்கள். சிறு கடைக்காரர்களே, தீபாவளி நெரிசலுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.