போனை மாற்றியதற்கு நான் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை

சனிக்கிழமை எங்கள் வகுப்பு ஒன்றுகூடலில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டு எங்கள் வகுப்புக் குழுவைத் தாண்டி ஊர்க் குழுக்களிலும் சுற்றத் தொடங்கிவிட்டது. நேற்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரும் அதைக் காட்டி, "இது நீங்கள்தானே ரீச்சர்?" என்று கேட்டார். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றுகூடலில் ஒலிவாங்கி வைத்திருந்தவர், குழுப்படங்களை எயார்ட்ரொப்பில், அதாவது ஐபோனில் இருந்து ஐபோனுக்கு நேரே, அனுப்புவதாகச் சொன்னார். என்னிடம் இப்போது ஐபோன் இல்லை, வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள் என்று நான் கேட்டேன். அதற்கு ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டே அவர், "ஏன், கனடாவிலை இருந்து வாறது நிண்டு போச்சுதோ?" என்றார். என் பழைய ஐபோன் கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்த குரல்களும் இருந்தன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஐபோனை விட்டு அன்ரோயிட் போனுக்கு மாறுவது ஒருவர் தன் தேவையைப் பார்த்து எடுக்கும் முடிவு. அதை வைத்து அவருடைய கையிருப்பையோ, அவருடைய சகோதரம் அவர்மீது வைத்திருக்கும் அன்பையோ எடைபோட எவருக்கும் உரிமை கிடையாது.

2007 இல் ஐபோன் வந்தது, 2008 இல் முதலாவது அன்ரோயிட் போன் வந்தது. அன்று தொடங்கிய போட்டியில் மற்றக் கம்பனிகள் எல்லாம் விழுந்துபோக, இன்று உலகத்தில் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. இரண்டிலும் அதே வட்ஸ்அப், அதே வைபர், அதே யூரியூப்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் இந்தப் போட்டி வேறு மாதிரியானது. அங்கே ஐபோன்காரர்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்தி நீலமாகவும் அன்ரோயிட்காரருடன் பரிமாறும் செய்தி பச்சையாகவும் தெரிவதால், பச்சையாகத் தெரிபவரை இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. 2022 செப்ரெம்பரில் அங்கே ஒரு மாநாட்டில், தன் தாயாருக்குச் சில வீடியோக்களை ஒழுங்காக அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, அப்பிள் தலைவர் ரிம் குக், தாயாருக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் பதில் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 2024 செப்ரெம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வந்தபோது, அந்தச் சிக்கலின் பெரும்பகுதியை அதே கம்பனியே ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி அனுப்பும் முறையைச் சேர்த்துத் தீர்த்துவைத்தது. யாழ்ப்பாணத்தில் இந்தப் பிரச்சினை முதலில் இருக்கவேயில்லை. நாங்கள் பிறந்தநாள் வாழ்த்தில் இருந்து மரண அறிவித்தல் வரை வட்ஸ்அப்பிலும் வைபரிலும்தான் அனுப்புகிறோம். அப்படியிருக்க, அந்த இளக்காரத்தை மட்டும் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டிய தேவை என்ன?

நான் ஏன் மாறினேன் என்பதை விளக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காரணங்கள் எனக்கு மட்டும் உரியவை அல்ல.

அளவெட்டியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் மகன் அனுப்பிய ஐபோன் இருக்கிறது. மகனுடைய அப்பிள் கணக்கிலேயே அது இன்றும் இயங்குகிறது. ஏதாவது ஒரு செயலியை இறக்க வேண்டுமென்றால் பாஸ்வேர்ட் கேட்கும். சில வேளைகளில் உறுதிப்படுத்தும் இலக்கமும் கேட்கும். அந்த இலக்கம் ரொரன்ரோவில் இருக்கும் மகனுடைய போனுக்குப் போகும். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடு இரவு. பெரியம்மா அவனை நித்திரையால் எழுப்ப மனமில்லாமல் அந்த வேலையையே விட்டுவிடுவார். கிளினிக் துண்டைப் படமெடுத்தால் அதுவும் மகனுடைய படங்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. புதுக் கணக்குத் திறக்கலாமே என்பீர்கள். திறக்கலாம்தான். அதற்குப் பழைய கணக்கில் இருந்து வெளியேற வேண்டும், வெளியேறவும் அந்த மகனுடைய பாஸ்வேர்ட் வேண்டும். எங்கள் ஊரில் இப்படி எத்தனை தாய்மார் தங்கள் கையில் இருக்கும் போனில் விருந்தாளியாக இருக்கிறார்கள் என்று நீங்களே உங்கள் வீடுகளைப் பாருங்கள்.

என்னுடைய கதை வேறு. என் போனின் பற்றரி பலவீனமாகி யாழ் நகரில் மாற்றிய நாளில் இருந்து, அந்தப் பாகத்தை உண்மையானதென்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவித்தல் செற்றிங்ஸில் நின்றது. 2019 இல் இருந்து அப்பிள் கொண்டுவந்த ஏற்பாடு அது. பற்றரியையும் திரையையும் தாங்கள் அங்கீகரித்த வழியில் மாற்றாவிட்டால் போன் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்பிள் தானே நடத்தும் கடை இலங்கையில் எங்குமே இல்லை. அங்கீகாரம் தேடி நான் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டும், அதுவும் ஒரு பற்றரிக்காக.

அடுத்தது தமிழ். கூகுள் 2017 இல் தமிழில் குரலால் எழுதும் வசதியைக் கொண்டுவந்தபோது இலங்கைத் தமிழையும் தனியாகச் சேர்த்துக்கொண்டது. நான் தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுதுவது என் இரவு வேலை. இப்போது போனை மேசையில் வைத்து, கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயால் சொல்கிறேன், எழுத்து விழுகிறது. "ழ" வும் "ள" வும் எப்போதாவது இடம் மாறினால் கையால் திருத்துகிறேன். என் கழுத்து வலி குறைந்திருக்கிறது. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: ஆரம்பகால அன்ரோயிட் போன்களில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தபோது ஐபோனில் தமிழை ஒழுங்காக வாசிக்க முடிந்தது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. நன்றி இருப்பதற்காக ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும் என்று இல்லை.

ஐபோன்தான் பாதுகாப்பானது என்று இப்போது சிலர் எழுதுவீர்கள். செயலிகள் எங்களைப் பின்தொடர முன்னர் எங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று 2021 இல் அப்பிள் கொண்டுவந்த விதி நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர்களில் எத்தனை பேர் தங்கள் போனின் இரகசிய இலக்கத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார்கள் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஐபோனுக்குத்தான் நீண்ட காலம் அப்டேற் வரும் என்பது இன்னொரு வாதம். அது ஒரு காலத்தில் உண்மை. 2023 இல் வந்த கூகுளின் பிக்சல் 8 க்கும் 2024 இல் வந்த சாம்சுங் எஸ் 24 க்கும் ஏழு வருடம் தருவதாக அந்தக் கம்பனிகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. கமராவைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நான் படமெடுப்பது கரும்பலகையையும் வீட்டுப் பூக்கன்றுகளையும்தான்.

விலை குறைவென்றுதான் மாறினாய், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாய் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விலையும் ஒரு காரணமாக இருந்தால் அதில் என்ன வெட்கம்? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை எங்கள் எல்லோருடைய வீட்டு அடுப்பும் அறியும். அந்த வருடத்தை இந்த மண்ணில் வாழ்ந்து கடந்த ஒருவர் விலை பார்த்துப் பொருள் வாங்குவது குற்றமா? சம்பளத்தில் வாழும் ஒருவர் விலையைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் கடன்பட்டு வாங்கும் பிள்ளைகளை நான் வகுப்பறையில் காண்கிறேன். உயர்தரம் முடித்த கையோடு தவணைக்கு ஐபோன் எடுத்து, தவணை கட்டுவதற்காகப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவனும் என் மாணவன்தான். மண்டபத்தில் சிரிக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை, கையில் எது இருந்தால் தன்னை மதிப்பார்கள் என்று கற்றுக்கொண்டது.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே யாருமே கோபப்படுவதில்லை. ஒரு போனில் இருந்து மற்றதுக்குப் போகும்போது எங்கள் சொந்தப் பொருளையே எங்களோடு கொண்டுபோக முடியாதபடி இந்தக் கம்பனிகள் வேலி கட்டி வைத்திருக்கின்றன. ஐபோனில் வட்ஸ்அப் சேமிப்பு அப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட்டுக்குப் போகும், அன்ரோயிட்டில் கூகுள் கணக்குக்குப் போகும். ஒன்றில் வைத்ததை மற்றதில் திறக்க முடியாது. ஐபோனில் இருந்து அன்ரோயிட்டுக்கு உரையாடல்களை மாற்றும் முறையான வழி 2021 இல்தான் வந்தது, முதலில் சாம்சுங் போன்களுக்கு மட்டும். எதிர்ப்பக்கமாகப் போகும் வழி 2022 இல் வந்தது. அதற்கு முன்னர் மாறியவர்கள் பழைய உரையாடல்களைக் கைவிட்டார்கள், அல்லது யாரோ செய்த செயலிக்குக் காசைக் கட்டி அதிர்ஷ்டத்தை நம்பினார்கள்.

யாழ் நகரில் நான் போன ஒரு கடையில், "வட்ஸ்அப் வராது அக்கா, அதை மறந்திடுங்கோ" என்று ஒரு தம்பி மிகச் சாதாரணமாகச் சொன்னான். என்னால் மறக்க முடியாது. என் அப்பாவின் குரல் அதற்குள் இருக்கிறது. கண் பார்வை குறைந்த பிறகு அப்பா எழுதுவதை விட்டுக் குரல் செய்திதான் அனுப்புவார். "பிள்ளை, மழை இருட்டுது, குடை கொண்டு போனனியோ?" என்று ஒன்று. பின்னால் எங்கள் கோழி கொக்கரிப்பதும் கேட்கும். அப்பா இப்போது இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா அரிசியையும் பத்திரங்களையும் எடுத்தார். அல்பங்கள் அலுமாரியில் இருந்தன. அடுத்த வருடம் கோப்பாய்க்குத் திரும்பியபோது அலுமாரியே இல்லை. அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எங்கள் தலைமுறையில் இப்படி வெறுங்கையோடு இருக்கும் குடும்பங்கள் எத்தனை என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். எங்களிடம் போய், பழையதை மறந்துவிடு என்று ஒரு கடைக்காரப் பிள்ளையைச் சொல்ல வைத்தது யார்? எங்கோ இருந்துகொண்டு, இவர்கள் எங்களை விட்டுப் போகக் கூடாது என்று கணக்குப் போட்ட கம்பனிகள்தானே?

நான் வட்ஸ்அப்பின் உதவிப் பக்கத்தை வாசித்து வீட்டிலேயே செய்தேன். ஒரு முனை என் ஐபோனில் செருகும் லைட்னிங், மறுமுனை புதுப் போனில் செருகும் யூஎஸ்பி சி உள்ள வயர் வேண்டும். புதுப் போன் ஒன்றும் போடாமல் புதிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக ரீசெற் செய்ய வேண்டும். புதுப் போனின் திரையில் தோன்றும் கியூஆர் குறியை ஐபோனின் கமராவால் பிடித்தால் வட்ஸ்அப் தானாகத் திறந்து மாற்றத் தொடங்கும். முடியும்வரை அதை மூடக் கூடாது, வயரையும் அசைக்கக் கூடாது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு அசையாமல் இருந்தேன். படங்களுக்கு வேறு வழி. அப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் விண்ணப்பித்தால் ஐகிளவுட்டில் உள்ளவற்றின் பிரதியை அவர்களே கூகுள் போட்டோஸுக்கு அனுப்புவார்கள். சில நாள்கள் எடுக்கும். 2021 இல் இருந்து இருக்கும் இந்த வசதியை எனக்கு ஒரு கடையும் சொல்லவில்லை.

இந்த வேலையை முடித்துவிட்டு ஒன்றுகூடலுக்கு வந்த என்னைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். என் தம்பியை ஏன் இழுத்தீர்கள்? அவன் பனிக்குள் இரவு வேலைக்குப் போய் உழைத்ததில் வாங்கிய போனை எனக்கு அனுப்பினான். அக்கா தன்னோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே எண்ணம். இப்போதும் கதைக்கிறோம். அவனிடம் ஐபோன், என்னிடம் அன்ரோயிட். 2021 இல் இருந்து பேஸ்ரைம் இணைப்பை அன்ரோயிட்டில் உலாவி வழியாகவும் திறக்கலாம், நாங்கள் வட்ஸ்அப்பிலேயே கதைக்கிறோம். ஒரு போனின் பின்புறத்தில் என்ன சின்னம் இருக்கிறது என்பதை வைத்து அவன் எனக்கு இருக்கிறானா இல்லையா என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நான் மாறப் போவதாக முதலில் சொன்னது அவனிடம்தான். "உங்களுக்கு எது சுகமோ அதை வாங்குங்கோ அக்கா" என்றான். அவனுக்கு விளங்கியது உங்களுக்கு விளங்கவில்லை.

நகைச்சுவைக்குச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஒலிவாங்கியில் கேட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்களா என்பதை மட்டும் யோசியுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் சகோதரங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ பழைய ஐபோன் அனுப்புவதாக இருந்தால், பெட்டியில் வைப்பதற்கு முன் உங்கள் அப்பிள் கணக்கில் இருந்து வெளியேறுங்கள். போனைக் கண்டுபிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டு முழுதாக அழியுங்கள். அதைச் செய்யாமல் அனுப்பிய போன், இங்கே யாராவது ரீசெற் செய்தால், உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது. வந்து சேர்ந்த பிறகு வீடியோ அழைப்பில் அம்மாவுடன் இருந்து அவருடைய பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து, பாஸ்வேர்ட்டை அவருடைய கையெழுத்தில் வீட்டுக் கொப்பியில் எழுத வையுங்கள். பிறகு அவர் அதை வைத்திருந்தாலும், தங்கச்சிக்குக் கொடுத்தாலும், விற்றுவிட்டு அன்ரோயிட் வாங்கினாலும், ஏன் என்று கேட்காதீர்கள்.