அடிக்கிற கலர்னா என்ன தப்பு?

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "உங்க கலருக்கு இது எடுக்காதுக்கா, லைட்டா பாருங்க." சொல்லிக்கொண்டே சந்தனம், வெளிர் ரோஸ், சாம்பல் என்று ஒரு அடுக்கை எடுத்துப் போடுவார்கள். கறுப்போ மாநிறமோ, மாம்பழ மஞ்சளும் அரக்கும் மயில்கழுத்தும் வாடாமல்லியும் நம் தோலில் அப்படி எடுப்பாக நிற்கும். முகத்தை வாட்டிக் காட்டுவது பெரும்பாலும் அந்த மங்கிய பிஸ்கட் கலர்தான்.

அப்போ இரண்டு அடிக்கிற கலரைச் சேர்த்துப் போட்டால் ஏன் சில நேரம் கட்சிக் கொடி மாதிரி ஆகிவிடுகிறது? அளவு தப்புவதால். சிவப்பு டாப், கிளிப்பச்சை பேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாதி, கீழே பாதி, இரண்டும் ஒரே பளிச். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கண் கூசும். சிவப்பை அரக்காக இருட்டிவிட்டால் சண்டை பாதி தீர்ந்தது. இல்லையென்றால் ஒன்றைச் சுருக்குங்கள்: முழுக்கப் பச்சை, கழுத்திலும் கைவிளிம்பிலும் மட்டும் கால் அங்குலச் சிவப்பு பைப்பிங்.

உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேர்த்து நெய்யும் காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. சேலை அகலம் சுமார் 46 அங்குலம். நாலு அங்குலக் கரை மேலும் கீழும் வந்தால் எட்டு, அதாவது ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் பச்சை உடலில் அரக்குக் கரை உறுத்தாமல் உட்கார்கிறது. சுடிதாரில் இந்த ஆறில் ஒரு பங்கு வேலையை ஷால் செய்யும். மாம்பழ மஞ்சள் டாப்பும் பேண்டும் போட்டு, வாடாமல்லி ஷாலை நாலு விரல் அகலத்துக்கு மடித்து ஒரு தோளில் பின் குத்தினால் அளவு சரி. அதே ஷாலை விரித்துப் போர்த்தினால் மஞ்சளுக்குச் சமமாகிவிடும். அப்போது டாப் கொஞ்சம் ஆழ்ந்த கடுகு மஞ்சளாக இருப்பது நல்லது.

இரண்டு நிறத்துக்கும் நடுவே சமாதானம் பேச ஒரு மூன்றாவது நிறம் வந்தாலும் ஒத்துப்போகும். மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைக் கிட்டே பிடித்துப் பாருங்கள். சிவப்புப் பாவும் (நெடுக்கு நூல்) மஞ்சள் ஊடையும் (குறுக்கு நூல்) குறுக்கிடும் கட்டத்தில் தூரத்துக்கு ஆரஞ்சு தெரியும். அந்த நடுக் கட்டம்தான் இரண்டையும் இணைக்கிறது. மயில்கழுத்து மினுங்குவதும் நீலமும் பச்சையும் இப்படிக் குறுக்கே போவதால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மெட்ராஸ் கவர்னர் காலெட் (1717–1720) பெயரில் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலாடிப்பேட்டை, திருவொற்றியூரில் இன்னும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததே துணி வெளுத்தவர்களால். துணியோடு பிழைத்த இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் போய் கலரைப் பார்த்துப் பயப்படச் சொல்லித்தருகிறார்கள்!

ஆண்களுக்கு இதிலேயே ஒரு சுலப வழி: கட்டம் போட்ட லுங்கியிலோ சட்டையிலோ இருப்பதிலேயே மெல்லிய கோட்டின் நிறம் எது என்று பார்த்து, கூடப் போடுவதை அந்த நிறத்தில் எடுங்கள். பெரிய கட்டத்தின் நிறத்தில் எடுத்தால் யூனிஃபார்ம் மாதிரி ஆகிவிடும்.

பிளவுஸ் பிட் வாங்கும்போது டியூப்லைட்டை நம்பவே நம்பாதீர்கள். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்கு, வாசல் வெயிலில் ஒன்று காவி, ஒன்று கத்திரிப்பூ. சேலையைக் கையோடு கொண்டுபோய், பிட்டை அதன் மேல் வைத்துக் கடை வாசலில் பாருங்கள். அடர்ந்த நிறப் பிளவுஸுக்கு வெள்ளை லைனிங் வேண்டாம், தையலில் பல்லிளிக்கும். அதே நிறத்தில் எடுத்து, தைக்கும் முன் ஒரு ராத்திரி நனைத்துக் காயப்போடுங்கள். மெல்லிய மஞ்சள் சேலைக்குச் சிவப்பு உள்பாவாடை கட்டினால் சேலை ஆரஞ்சாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையை அதிகம் காட்டிக்கொடுப்பது சாம்பலும் வான நீலமும். கருநீலமும் நெருக்கமான பிரிண்டும் மறைத்துவிடும். ஆக, பஸ்ஸில் போகிறவர்களுக்கு அடர்ந்த நிறத்தில் இந்த லாபமும் உண்டு.

சாயம் போகும் என்ற பயம்தான் மிச்சம். வாங்கியதும் ஈர வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையல் ஓரத்தில் பத்துத் தடவை தேயுங்கள். கறை ஒட்டினால் முதல் மூன்று நாலு தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலசுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். உப்பு சாயப்பட்டறைத் தொட்டியில் உதவும், வீட்டு வாளியில் அல்ல. கெடுவது பெரும்பாலும் துவைக்கும்போதுகூட இல்லை, காயப்போடும்போது. மொட்டை மாடிக் கொடியில் இரட்டை நிறத் துணியை ஈரத்தோடு மடித்துப் போட்டால் அரக்கு மஞ்சளில் இறங்கிவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், அடர்ந்த நிறம் கீழே வரும்படி கிளிப் போடுங்கள். சொட்டுகிற தண்ணீர் தரைக்குப் போகட்டும்.