ஆச்சி கைகூப்பியதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

திருகோணமலை டச்பே கடற்கரையில் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே அதை மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. தொலைகாட்டியில் சனிக்கோளைப் பார்த்த ஆச்சி "சனீஸ்வரா" என்று கைகூப்ப, "ஆச்சி, அது வெறும் ஐஸ்கட்டி, கும்பிட்டு உருகப் பண்ணிப்போடாதேங்கோ" என்று ஒரு தம்பி சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் தொலைகாட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தான். அப்போது வாய் திறக்காமல் நின்றதற்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எத்தனையோ புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கேற்றிப் பயந்து பயந்து கும்பிட்ட ஒருவரை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார். கைகள் தாமாகக் கூடின. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதே கோளை 1610இல் பார்த்த கலிலியோ, மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதாக நினைத்தார். இரண்டு ஆண்டுகளில் பக்கத்துத் துண்டுகள் இரண்டும் மறைந்துபோகத் திகைத்தார். அது வளையம் என்று டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1659இல் விளக்கும்வரை ஒருவருக்கும் விளங்கவில்லை. கலிலியோவைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. ஆச்சி என்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

"விஞ்ஞானம் படிப்பிக்கிற நீங்களே மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று அந்தக் காணொளியின் கீழே சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வளையங்கள் பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டி என்பதை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன், ஐயா. ஏறத்தாழ 2,80,000 கிலோமீற்றர் விட்டமுள்ள அவற்றின் தடிப்பு பல இடங்களில் சில பத்து மீற்றர்தான் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கும் கைகூப்பத் தோன்றுகிறது. ஐஸ்கட்டி என்று தெரிந்த பிறகும் தோன்றுகிறது. "படைத்தவனைப் படைத்தது யார்?" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தக் கேள்வியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று மகிழ்ந்திருக்கட்டும்.

என் பக்கம் பேச வந்தவர்கள் தந்த தலையிடி இதைவிடப் பெரிது. திருநள்ளாற்றுக்கு மேலே செய்மதிகள் நின்றுவிடுகின்றனவாம், நாசாவே ஒப்புக்கொண்டுவிட்டதாம். அது பொய். கடவுளுக்கு நாசாவின் கையெழுத்து எதற்கு? பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய பெல்ஜிய விஞ்ஞானி லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பாப்பரசர் 12ஆம் பயஸ் 1951இல் பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, சங்கடப்பட்டவரும் அந்த லெமைத்ர்தான். படைத்தவன் ஒருவன் உண்டென்று நான் நம்புகிறேன். தொலைகாட்டியை அதற்குச் சாட்சிக்கு அழைக்கமாட்டேன்.

மின்சாரம் இல்லாத போர்க்கால மார்கழிகளில், திருவெம்பாவைக்கு எழுப்பும் அப்பா, மேற்கே சாய்ந்து நிற்கும் சிவந்த நட்சத்திரத்தைக் காட்டி, "அதுதான் திருவாதிரை, சிவனுடைய நட்சத்திரம்" என்பார். அது எரிபொருள் தீர்ந்து என்றோ வெடிக்கப்போகும் செம்பேரரக்கன் என்ற வகைப் பெரிய நட்சத்திரம் என்றும், கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடிப்பதற்கு முன்பே புறப்பட்ட ஒளிதான் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது என்றும் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அந்தப் படிப்பு அப்பா சொன்னதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்பாவைக் கொண்டுபோனது போர். அன்று கடற்கரையில் அவர் நின்றிருந்தால் அவரும் கும்பிட்டிருப்பார். அவரையும் படம்பிடித்துப் போட்டிருப்பீர்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு நடந்தது அந்தக் காணொளியில் இல்லை. ஆச்சி என் கையைப் பிடித்து அது எவ்வளவு தூரம் என்று கேட்டார். அங்கிருந்து வெளிச்சம் வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப, நான் வீட்டில இருந்து வெளிக்கிட்ட நேரத்துச் சனியையே பிள்ளை இப்ப பார்த்தனான்?"