சின்ன ராஜ்ஜியம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த நேபாளப் பயண வீடியோவைப் பற்றித்தான். பேசாமல் கடந்துபோகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. காத்மாண்டு பக்கத்துக் கீர்த்திபூரில் பாக் பைரவர் கோயில் முன்னால் நின்று, சுவரில் அறைந்திருக்கும் பழைய வாள்களைக் காட்டி, "நேபாளத்தை ஒன்றாக்கிய மாமன்னரின் வெற்றிச் சின்னம்" என்கிறார் அந்தத் தம்பி. அந்த மாமன்னர், அதாவது கோர்க்கா ராஜ்ஜியத்தின் பிருத்வி நாராயண் ஷா, வருவதற்கு முன்னால் இருந்ததெல்லாம் அடித்துக்கொண்டு கிடந்த குட்டி ராஜாக்களாம்.

தம்பி, அந்த வாள்கள் அங்கே தோற்று ஓடிய கோர்க்காப் படையுடையவை என்றும் சொல்வார்கள். 1757இல் கோர்க்காப் படை வந்தபோது கீர்த்திபூர்க்காரர்கள் விரட்டியடித்தார்கள். தளபதி காலு பாண்டேயே அங்கே செத்துப்போனார். 1764இல் மறுபடி வந்தார்கள், மறுபடி தோற்றார்கள். பிருத்வி நாராயண் ஷாவின் தம்பி சுரபிரதாப்புக்கு ஒரு கண் போனது. அடுத்த முற்றுகையில்தான் ஊர் விழுந்தது. பிறகு ஊர்க்காரர்களின் மூக்கை அறுத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கப்புச்சின் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். மிகைப்படுத்தல் என்று மறுக்கிறவர்களும் உண்டு. 1793இல் அங்கே போன ஆங்கிலேய அதிகாரி கிர்க்பாட்ரிக்கும் மூக்கறுபட்டவர்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாரே, அதற்கு என்ன சொல்வது?

சின்ன ராஜ்ஜியம் என்றால் சும்மா கிடந்த ராஜ்ஜியம் இல்லை. 1482இல் மல்ல வம்ச அரசர் யட்ச மல்லர் இறந்த பிறகு காத்மாண்டுப் பள்ளத்தாக்கு பங்கு பிரிந்து, கடைசியில் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று அரசுகள் நிலைத்தன. பாட்டனில் சித்தி நரசிம்ம மல்லர் 1637இல் கல்லால் கிருஷ்ணர் கோயில் கட்டினார். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702 வாக்கில் ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலை எழுப்பினார். அதன் படியேறிப் பாருங்கள்: முதலில் இரண்டு மல்யுத்த வீரர்கள், அப்புறம் யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற உருவங்கள், மேலே தெய்வங்கள். கீழே இருப்பதைவிட மேலே இருப்பதற்குப் பத்து மடங்கு பலமாம். 1934, 2015 இரண்டு நிலநடுக்கத்திலும் கோயில் நின்றது. திபெத்துக்கு வெள்ளிக்காசு அடித்துக் கொடுத்ததும் இந்தக் குட்டி ராஜாக்கள்தான்.

மேற்கே கர்ணாலிப் பக்கம் இருபத்திரண்டு ராஜ்ஜியம், கண்டகிப் பக்கம் இருபத்துநான்கு என்று கணக்குச் சொல்வார்கள். கோர்க்காவே அப்படி ஒரு சின்ன மலை ராஜ்ஜியம்தான்! நூறு வருஷத்துக்கு மேல் முன்பே அங்கே ராம் ஷா அளவைகளையும் வட்டியையும் ஒழுங்குபடுத்தினார். "நியாயம் கிடைக்கலேன்னா கோர்க்காவுக்குப் போ" என்று இன்றும் பழமொழி இருக்கிறது. சின்னதாக இருந்தபோது சம்பாதித்த பேர் அது.

"மூன்று மல்ல அரசர்களும் ஒற்றுமையாக இருந்திருந்தால் தோற்றிருப்பார்களா?" என்பீர்கள். சரி, சண்டை போட்டார்கள். யார்தான் போடவில்லை?

"ஒன்றாக்கியிருக்காவிட்டால் வெள்ளைக்காரன் விழுங்கியிருப்பான்." இது கனமான கேள்விதான். 1767இல் கின்லாக் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சிந்துலியில் திருப்பியடித்தது கோர்க்காதான், மறுக்கவில்லை. அதற்காக, பிடிபட்ட ஊர்களுக்கு வரலாறே கிடையாது என்று ஆகிவிடுமா? நாடு ஒன்றானதைக் கொண்டாடுங்கள், யார் வேண்டாம் என்றது. விலை கொடுத்தவர்களைக் கேலி செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 1768இல் காத்மாண்டு விழுந்தது இந்திர ஜாத்திரை அன்று. ஊரே திருவிழாவில் இருந்தபோது.

பாட்டனில் வேலை நிமித்தம் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, பள்ளத்தாக்கின் பழைய குடிகளான நேவார் இனத்தவர். மருமகளிடம் நேவாரியில் பேசுவார், பேரன் நேபாளியில்தான் பதில் சொல்வான். நேபாளத்தைப் பிற்காலத்தில் ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சியில் நேவாரியில் எழுதியதற்காகக் கவிஞர் சித்ததர் ஹிருதய சிறைக்குப் போனதை அந்த அம்மாதான் எனக்கு முதலில் சொன்னார். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, எங்கள் மாமனார் எழுதியதையெல்லாம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார் என்றார். அவரிடம் போய் "குட்டி ராஜா" கதை சொல்ல என்னால் முடியாது.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், நீ என்ன நேபாளியா?" என்று நேற்று ஒருவர் கேட்டார். அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கோபப்பட எனக்கு அது போதும்.