மறுபடியும் என் பாத்தியிலா?

நேற்று மாலை விதைத்த பாத்தி, இன்று காலை குழிகுழியாகக் கிடக்கிறது. பொலபொலவென்று கிளறிய மண்ணைக் கண்டால் அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கு அதுதான் கழிப்பிடம். எத்தனை முறைதான் விதைப்பது? ஆரஞ்சுத் தோல் போட்டேன். காய்ந்து வாசனை போனதும் திரும்ப வந்துவிட்டன. குச்சி நட்டேன், இடுக்கில் புகுந்தன. அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். அது பூனைக்கு விஷமாயிற்றே! மிளகாய்த்தூளாம். காலில் ஒட்டியதை நக்கினால் எரியாதா? வாயில்லா ஜீவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் ஒரு தட்டில் மணல் வைத்தால் என்ன? பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. கையுறை இல்லாமல் என் மண்ணையே தொடப் பயமாக இருக்கிறது. இப்போது பாத்தி முழுக்கக் கம்பிவலை விரித்து, ஒவ்வொரு கண்ணிலும் மறுபடி விதை போட்டுக்கொண்டிருக்கிறேன்.