கீழ் இறக்கையை மட்டும் அளக்காதீர்கள்
தம்பி, இரட்டை இறக்கை மாதிரி விமானத்துக்குத் தூக்குவிசை இரு மடங்கு, ஈர்ப்பு மையத்தைக் கீழ் இறக்கையின் மூன்றிலொரு பங்கில் வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. ஓர் இறக்கையைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் மற்றதன் காற்றழுத்தத்தைக் கெடுக்கும். இரு மடங்கு கிடைக்காது.

மையம்தான் பெரிய ஆபத்து. டைகர் மோத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தில் மேல் இறக்கை முன்னே தள்ளி இருக்கும். கீழ் இறக்கையை மட்டும் வைத்து அளந்தால் மையம் பின்னே போய், வால் கனத்து, விமானம் கைக்கு அடங்காது. இரண்டு இறக்கைகளுக்கும், நுனி பின்னோக்கிப் போகும் பின்சாய்வையும் சேர்த்து, சராசரி நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலம்) கணக்கிட்டு, அதன் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் தொடங்குங்கள். வல்வெட்டித்துறையில் பட்டத்துக்கு முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) கட்டுபவர்களைக் கேளுங்கள், ஒரு விரல் பிசகினால் என்ன ஆகும் என்று. நான்கிலொரு பங்கு அளவில் செய்த டைகர் மோத்தின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 2.2 மீற்றருக்கு மேல். அது விழும் இடத்தில் பிள்ளைகள் நிற்கலாம்.